காமாலை என்று எழுதித் தரமாட்டேன்

விடுநர்:
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
மாவு மில்லை ஒட்டிய வீடு.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: மனநோயிலிருந்து தேறிவரும் என் மகளை, உண்மைக் காரணத்தை மறைக்காமல் பள்ளியில் மீண்டும் அனுமதிக்க உத்தரவிடக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் மாவு மில் நடத்துகிறோம். மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது என்பதால், எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான் நடக்கும். உள்ளங்கையைக் காட்டினால் 'பொறு'. இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்தால் 'மோட்டாரை நிறுத்து'. இது மோட்டாரின் பெல்ட் பட்டையில் துணி சிக்குவது போன்ற ஆபத்துக்கு மட்டும் உரியது. விளையாட்டுக்குக்கூட அதைச் செய்யக்கூடாது என்று சொல்லித்தான் மகளையும் மகனையும் வளர்த்தோம்.

2. என் மகளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். வாய் ஓயாது. சென்ற ஆண்டிலிருந்து அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெரியவளாகிவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். மிளகாய் அரைக்கும் நாட்களில் மட்டும் தானாக வந்து மில்லில் உட்காருவாள். அன்று எல்லோருக்கும் கண்ணும் மூக்கும் ஒழுகும், யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. அவள் அங்கே அழ வந்தாள் என்பதை மிகத் தாமதமாகத்தான் அவள் வாயால் தெரிந்துகொண்டேன்.

3. ஒரு நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மில்லை மூடி வெகு நேரமாகியிருந்தது. தட்டில் கை வைக்காமல் இருந்தவள், திடீரென்று இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். என் கணவர் பதறி எழுந்து, பாதிச் சாப்பாட்டில் மில்லுக்கு ஓடி, சுவிட்சையும் பட்டையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "மோட்டார் நின்னுதாம்மா இருக்கு, பயப்படாதே" என்றார். அவளும் சரி என்று தலையாட்டினாள். நாங்கள் மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம்.

4. அந்த வாரமே அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். ஐயா, இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பல நாள் ஆயிற்று. பிழைத்துக்கொண்டாள். மனநல மருத்துவர் இது ஒரு நோய் என்றும், மாத்திரையோடு வீட்டில் மனம் விட்டுப் பேசுவதும் வேண்டும் என்றும் சொன்னார். ஏன் இப்படி என்று அவளிடம் கேட்டபோது, "தெரியலம்மா, காலைல எழுந்திரிக்கவே பயமா இருந்துச்சு, சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லல" என்றாள். எங்களைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

5. தற்போது அவள் பள்ளிக்குப் போகலாம் என்று மருத்துவர் சான்று தந்துள்ளார். அதனுடன் தலைமையாசிரியை அவர்களைச் சந்தித்தோம். அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை. கதவைச் சாத்திவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "மஞ்சக் காமாலைன்னு எழுதிக் குடுங்க, நாளைக்கே வரட்டும். இதெல்லாம் மத்த பிள்ளைங்க காதுல விழுந்தா அதுங்களுக்கும் தொத்திக்கும்" என்றார். எழுதித் தராவிட்டால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார். தொற்றக்கூடிய நோயின் பெயரைச் சொன்னால் உள்ளே வரலாம், தொற்றாத நோயின் பெயரைச் சொன்னால் வெளியே போக வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

6. என் நாத்தனாரும் இதையேதான் சொல்கிறார். "பொண்ணாச்சே, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும், வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்கிறார். சும்மா இருந்துதான் ஐயா இந்த நிலைக்கு வந்தோம். இப்போது நானே காமாலை என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை மனம் கலங்கும்போது அவளும் காமாலை என்றுதான் சொல்வாள். அப்போது அவள் எனக்கு மிஞ்சுவாளா என்று தெரியாது.

7. மாவு அரைக்க வரும் ஒரு அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாவு வாங்கிய பிறகும் போகாமல் நின்று, மோட்டாரை அணைக்கும்வரை காத்திருந்து, "என் பையனும் ரூமை விட்டு வர்றதே இல்லக்கா, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்று சொல்லி அழுதார். மறுநாள் மகனோடு எங்கள் மருத்துவரிடமே போனார். உண்மை தொற்றினால் இப்படித்தான் தொற்றுகிறது.

8. ஆகவே, மருத்துவர் எழுதிய காரணத்தோடு, மருத்துவர் எழுதிய சான்றின்பேரிலேயே, என் மகளை அவளுடைய வகுப்பில் அனுமதிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இன்னொன்றும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையை நிற்கவைத்து மதிப்பெண்ணை மட்டும் பேசி அனுப்புகிறார்கள். அங்கே பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போட்டு, "எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பெற்றோர் காத்திருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எங்களுக்கு அதை யாரும் கற்றுத் தரவில்லை. இப்போது தினமும் மாலையில் மில்லை நிறுத்திவிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறோம். சில நாள் யாரும் எதுவும் பேசுவதில்லை. இருந்தாலும் உட்கார்ந்திருக்கிறோம்.

9. இம்மனுவை அனுப்புவதற்கு முன் என் மகளிடம் படித்துக் காட்டிச் சம்மதம் பெற்றேன். தாங்கள் விசாரணைக்கு அழைத்தால் தானே வந்து சொல்வதாகக் கூறுகிறாள். அவளுடைய பழைய 'ரேடியோ' குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, மெல்லத்தான் பேசுவாள். ஆகையால் அன்று தங்கள் அறையில் சத்தம் போடும் மின்விசிறி இருந்தால், அவள் பேசி முடிக்கும்வரை அதை நிறுத்தி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: பள்ளி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை
இடம்: மில் வீடு

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாணவியின் தாய்
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவர் சான்று, திருத்தம் ஏதுமின்றி.