வளைந்த வேரும் நேர்க்கம்பியும்

மார்ச் 4

இடது பக்கம் மென்று தின்ன மிச்சமிருப்பது ஒரே ஒரு கடைவாய்ப் பல். அதற்கும் வேர் சிகிச்சை. செய்தவள் என் மருமகள், பல் டாக்டர். பட்டம் சுவரில் தொங்குகிறது. பாதியில் நிறுத்திவிட்டு, “மாமா, வேர் உள்ளே வளைஞ்சிருக்கு. வளைவுல, துளையைச் சுத்தம் பண்ற கம்பி சுவரைச் சுரண்டி ஒரு படி விழுந்துடுச்சு. அதைத் தாண்டிக் கீழே இறங்க மாட்டேங்குது” என்றாள்.

“படியா? பல்லுல மாடி கட்டச் சொன்னேனாம்மா?”

மகன் சிரித்தான். யார் பக்கம் நின்று சிரிப்பது என்று அவனுக்கு எப்போதுமே தெரியாது.

மார்ச் 5

வளைந்த துளைக்குள் நேர்க்கம்பியை விட்டால் குத்தாமல் கொஞ்சுமா? இதற்கு ஐந்து வருடக் கல்லூரி! நாற்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். எவனும் சொல்லித் தரவில்லை.

மார்ச் 7

வலி.

மார்ச் 8

“நுனியை முன்னாடியே வளைச்சிருக்கணும்” என்றேன்.

“வளைச்சுத்தான் விட்டேன், மாமா. கொஞ்சம் அவசரப்பட்டு அழுத்திட்டேன். தப்பு என்னுதுதான். இன்னொரு தடவை பார்க்கிறேன். முடியலேன்னா பிடுங்கணும்.”

ஒப்புக்கொண்டால் ஆயிற்றா? வேறு டாக்டரிடம் போகிறேன் என்றேன். அவள் படிக்கிற காலத்தில் கை பழகிய கட்டைகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். நடுவே மயிரிழையாய் வளைந்த துளை. கூடவே நான்கு கம்பிகள். “நீங்களே பண்ணிப் பாருங்க.”

திமிர்!

மார்ச் 9

வளைவில் கம்பி நின்றது. கொஞ்சம் அழுத்தினேன். படி விழுந்தது. இன்னும் கொஞ்சம் — பக்கவாட்டில் ஓட்டை. கம்பி மட்டம். வேறென்ன?

மார்ச் 10

இரண்டாம் கட்டை. நுனியை வளைத்துத்தான் விட்டேன். உள்ளேயே முறிந்தது. இத்தனைக்கும் கட்டையில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. பல்லில்... சரி, போகட்டும்.

மார்ச் 11

“வேற டாக்டர்கிட்ட எப்பப்பா போறீங்க?” என்றான் மகன்.

“வெயில் தணியட்டும்டா.”

வெளியே மேகமூட்டம். இதையெல்லாம் கவனிக்க மட்டும் அவனுக்குக் கண் உண்டு.

மார்ச் 13

ஒன்றரை மணி நேரம் அவளுடைய நாற்காலியில். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்தாள், விட்டாள், கால் சுற்று திருப்பினாள், எடுத்துத் துடைத்தாள், மறுபடி விட்டாள். ஒரு முறைகூட அழுத்தவில்லை. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, “இறங்கிடுச்சு, மாமா” என்றாள். பல் தப்பியது.

வலித்தால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தாள். கடைசிக் கால் மணி நேரம் மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் விட்டுப்போய் நன்றாகவே வலித்தது. நான் தூக்கவில்லை. அவள் கை அசைந்துவிடக் கூடாதே.