மணி அடித்ததும் வருவாள் என்று சொன்னேன்

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து புது வாட்டர் பாட்டிலின் பிளாஸ்டிக் வாசனை வந்தது. வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டும்போது எழும்புமே, அந்த வாசனை. ஜூன் மாதத்தில் சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் போகிற வீடுகளில் அது இருக்கும். சற்று நேரத்தில் அந்த வீட்டு மருமகள் என் வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், நாளைக்கு இவனைப் பால்வாடில விடப் போறேன். வெளையாட்டுக் காட்டிட்டு, அவன் பாக்காதப்ப நைசா வந்துடட்டுமா?"

"வேண்டாம்மா. சொல்லிட்டு வா. அழுதா அழட்டும்" என்றேன். அவள் போன பிறகு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

நீயும் நானும் நீடாமங்கலத்தில் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிராமத்துப் பால்வாடிக்கு நான் டீச்சராக வந்தேன். அடுத்த வருடமே நீ அதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாய். "எங்க போனாலும் உன் மூஞ்சிலதான் முழிக்கணும்னு எழுதியிருக்குடி எனக்கு" என்று கல்யாணச் சேலையோடு நின்று சொன்னாய். நாலு வருடம் கழித்து மலரைக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்புக்கு வந்தாய். அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

பிள்ளைகளைப் பழக்குவதற்கு எனக்கு ஒரு முறை இருந்தது. முதல் நாள் அம்மா பாயில் பக்கத்திலேயே உட்கார வேண்டும். இரண்டாம் நாள் வாசற்படியில். மூன்றாம் நாள் வெளியே வேப்பமரத்தடியில், ஜன்னல் வழியாகத் தெரியும்படி. நாலாம் நாள் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வர வேண்டும். அந்த வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணி என்றால் விளங்காது. சத்துமாவு உருண்டை தின்றதும் என்றால் விளங்கும். ஒரு பையனின் அப்பா மிட்டாய் வாங்கி வருவதாகச் சொல்லி நழுவிவிட்டார். மறுநாள் அந்தப் பையன் சைக்கிள் கேரியரைப் பிடித்த கையை விடவில்லை. ஆயாவும் நானும் விரல் விரலாகப் பிரித்தோம். இன்னொரு பெண் பிள்ளையிடம் அவள் அம்மா, உருண்டை தின்றதும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தன் உருண்டையை விழுங்கிவிட்டு, "எல்லாரும் சீக்கிரம் தின்னுங்க, எங்கம்மா வரணும்" என்று மற்ற பிள்ளைகளை விரட்டினாள். அம்மா வந்தாள். மறுநாள் அந்தப் பிள்ளை யாரையும் விரட்டவில்லை. இதையெல்லாம் உன்னிடம் நான்தான் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த வருடமும் அதற்கு முந்தின வருடமும் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. மூட்டை தூக்கப் போன உன் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டு, குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியாமல் இருந்தார். குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜெண்டு வந்து போய்க்கொண்டிருந்தார். விசா வர ஆறு மாதமாகும் என்றார்கள். ஆறு வாரத்தில் வந்துவிட்டது.

அன்று மலருக்கு மூன்றாம் நாள். நீ வேப்பமரத்தடியில் இருக்க வேண்டிய நாள். மரத்தடியில்தான் இருந்தாய், ஆனால் நல்ல சேலை கட்டியிருந்தாய். நான் வெளியே வந்தேன்.

"மத்தியானம் மெட்ராஸ் பஸ்ஸுடி. தகவல் நேத்து ராத்திரிதான் வந்துச்சு. பெட்டிய அவரு ஒரு ஆளுகிட்ட குடுத்து ஸ்டாப்புக்கு அனுப்பிட்டாரு."

"அவகிட்ட சொன்னியா?"

"எதச் சொல்ல? ரெண்டு வருசம்னா அவளுக்கு என்னடி தெரியும்?"

"தெரியாட்டிப் போவுது. ஒரு வார்த்தை சொல்லு. கொஞ்ச நேரம் அழுவா."

"அவ அழுதா நான் பஸ் ஏற மாட்டேன். நீ சொல்லிக்க. நீ சொன்னா நம்புவா."

நான் மறுத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று உன் முகம் சொல்லிற்று. உள்ளே போனேன். மலர் ஜன்னலில் நின்றிருந்தாள். "அம்மா எங்க?" என்றாள். "மணி அடிச்சதும் வந்துடுவாங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்க் கட்டைகளை அடுக்க உட்கார்ந்தாள். அந்த மூன்று நாட்களில் நான் சொன்ன ஒவ்வொன்றும் நடந்திருந்தது. அதனால்தான் தலையாட்டினாள். அந்த நம்பிக்கையை உண்டாக்கியதும் நான்தான், அதை வைத்து அவளை ஏமாற்றியதும் நான்தான்.

மணி அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். உன் நாத்தனார்தான் அழைத்துப் போக வந்திருந்தாள். மலர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நாளைக்கு வருவாங்க" என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். நாலாவது நாள் அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை. பார்வையிட வந்த மேற்பார்வையாளர் அம்மா, "இந்தப் பாப்பா நல்லா செட் ஆயிடுச்சு டீச்சர்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அழுகிற பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட எல்லோருக்கும் தெரியும். மலர் மணி அடித்ததும் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். கொஞ்ச நாளில் வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு வருடம் ஆனபோது குவைத்திலிருந்து உன் குரல் கேசட்டில் வந்தது. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மகனும் அங்கேதான் இருந்தார். ஊருக்கு வருகிறவர்களிடம் அவர்தான் கொடுத்து அனுப்புவார். பாய் வீட்டு டேப் ரெக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். "அம்மா சீக்கிரம் வந்துடுவேன் கண்ணு" என்று நீ சொன்னதும் மலர் எழுந்து வெளியே போய்விட்டாள். பதிலுக்கு அவளைப் பேசவைக்க முயன்றோம். "அம்மாவுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுமா" என்று பாய் வீட்டம்மா கெஞ்சினார். அவள் வாயைத் திறக்கவில்லை. காலிக் கேசட் போனால் நீ அங்கே உடைந்து போவாய் என்று உன் நாத்தனார் அழுதாள். என் வகுப்பில் சுமதி என்று ஒரு வாயாடிப் பிள்ளை இருந்தாள், அதே வயது. ஆட்டுக்குட்டிப் பாட்டை அவளைப் பாடவைத்துப் பதிவு செய்தோம். முடிவில் "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லச் சொன்னேன். அதற்கு முன்னால், "இதோ உன் மக பாடுறா, கேட்டுக்க" என்று என் குரலில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அதைப் போட்டுக் கேட்பதாக எழுதினாய். வேலை பார்த்த வீட்டு அம்மாவையும் கேட்கவைத்தாயாம்.

இரண்டு வருடம் என்று போனவள் மூன்று வருடம் கழித்து வந்தாய். மலர் இரண்டாம் வகுப்பில் இருந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். உன் கூடத்தில் சாக்லேட்டும் சோப்பும் பரப்பிக் கிடந்தன. நானும் இருந்தேன். நீ அவளை மடியில் இழுத்து வைத்து, "அந்த ஆட்டுக்குட்டிப் பாட்ட ஒரு தடவ பாடு கண்ணு" என்றாய்.

"அது நானில்ல. சுமதி" என்றாள். வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

உன் நாத்தனார் அடுப்படிக்குள் போய்விட்டாள். நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ என்னைப் பார்த்து, "பெத்தவளுக்குப் புள்ள குரல் தெரியலையேடி" என்றாய். அப்போது நான் பேசியிருக்க வேண்டும். "காபி ஆறுது, குடி" என்றேன்.

பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் நீ பிறரிடம் பேசினாய். மலர் சென்னைக்கு வேலைக்குப் போய், வாரக்கணக்கில் போன் பண்ணாமல் இருக்கும்போதெல்லாம், "அவளைச் சொல்லிக் குத்தமில்ல, நான் மக குரலே தெரியாதவ" என்பாய். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் நர்சிடம்கூடச் சொன்னாய். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள் மலர் என் வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு மணி அடிச்சதும் வருவாங்கன்னீங்களே, அது அம்மா சொல்லச் சொன்னாங்களா, நீங்களா சொன்னீங்களா?"

"ஏதாவது சொல்லிக்கன்னுதான் சொன்னா. மணி அடிச்சதும்னு நான்தான் சொன்னேன். சுமதியப் பாடவெச்சதும் நான்தான்."

"அம்மாகிட்ட இதச் சொன்னீங்களா?"

"இல்ல."

கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "சொல்லியிருக்கலாம் டீச்சர். அவங்க தன்னையே திட்டிக்கிட்டுச் செத்தாங்க" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

உன் காதில் எந்தக் குறையும் இல்லை. மூன்று வயதில் விட்டுப் போன பிள்ளை நாலு வயதில் எப்படிப் பாடும் என்று உனக்கு எப்படித் தெரியும்? உன் மகள்தான் பாடுகிறாள் என்று நான் சொன்னேன். நான் சொன்னதால் நம்பினாய். ஜன்னலில் நின்று அவள் தலையாட்டியது போலத்தான் நீயும். நீங்கள் இருவரும் என்னை நம்பினீர்கள் என்பதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை இறக்கி வைக்க நீ இல்லை.