பீடியா, தூசியா

ஜூலை 8, செவ்வாய். திருப்பதி.
காலையிலிருந்தே புழுக்கம். ஆய்வகத்தில் ஏசி மறுபடி மக்கர். கார்வேட்டிநகரம் பக்கம் எடுத்த ரத்த மாதிரிகள் பத்திரம்.
நகரியிலிருந்து அண்ணி போன். "உங்க அண்ணன் இருமிக்கினே கீறார். பீடிய உடச் சொன்னா, தறித் தூசின்றார்."
பீடி நுரையீரலைக் கெடுக்கிறதா என்ற எங்கள் ஆய்வைக் கேள்வி கேட்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பீடி பிடிப்பவர்களே தூசியிலும் இருக்கிறார்கள், எப்படிப் பிரிப்பது என்று.

ஜூலை 10, வியாழன்.
தூறல். கேன்டீனில் உப்புமா மட்டும்.
முடிவு வந்தது! சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம். பீடி பழகினால் மற்றவர்களைவிட அதிகம் பிடிக்க வைக்கும். தறிக்காரரா, விவசாயியா என்று பார்த்து வருவதில்லை; அதனால் அது உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தூசி சமம்தான். புகைப்பவர்களில் அது உள்ளவர்களுக்கு நுரையீரல் இன்னும் மோசம். புகைக்காதவர்களிடம் அதே மாற்றம் இருந்தும் நுரையீரலில் வித்தியாசமே இல்லை. ஆக, புகைதான்.
சர்க்கரை நோயும் புகையால் வருகிறதா என்பதில் தெளிவில்லை. "தொந்தர வத்தம்மா," அவசரம் வேண்டாம் என்றார் ஆய்வை நடத்தும் மேடம். முகத்தில் சிரிப்பு.

ஜூலை 13, ஞாயிறு. நகரி.
வெயில். பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். அண்ணனுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது.
சாப்பிட்ட பிறகு எல்லாம் சொன்னேன்.
"அந்த ஜீன் எனக்கும் இருக்குமா?"
"இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம தெரியாது."
"இருந்தா உட முடியாதே."
"கஷ்டமா இருக்கும். முடியாதுன்னு இல்ல. அதுக்கு மருந்தும் கீது."
உள்ளே அவர் மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கும் வந்திருக்குமா?"
"வந்திருக்கலாம். பீடியே தொடலன்னா அது நுரையீரல ஒண்ணும் பண்ணாதுண்ணா. சும்மா கெடக்குது."
"சும்மா கெடக்குதா," என்றார்.
தூசியும் கெடுதல்தான், தறியில் மாஸ்க் போடச் சொன்னேன். தலையாட்டினார்.

ஜூலை 16, புதன்.
அண்ணி போன். "ரெண்டு நாளா எல்லார் மேலயும் எரிஞ்சி உழுறார். ஆனா பீடி கேக்கல."
நம்பலாமா? நம்புகிறேன்.
வாங்க: குடை, பால்.

ஜூலை 19, சனி. திருப்பதி.
மேகமூட்டம். அண்ணன் தானாகவே முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊதும் பரிசோதனை. கெட்டுப்போனது திரும்பாது என்றார் டாக்டர்.
"மீதி கீறத காப்பாத்திக்கலாம் இல்ல சார்?"
"தப்பகுண்டா." நிச்சயமாக.
வெளியே டீக்கடை. பக்கத்தில் ஒருவர் சிகரெட் பற்ற வைத்தார். அண்ணன் கிளாஸை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்று என்னைக் கூப்பிட்டார்.
"இங்க வா பாப்பா. இங்க நல்லா காத்து வருது."