குன்றுக்கும் ஒரு வாசல் உண்டு

என் ஓட்ரனுக்கு உன் அம்மா கோர்ம்லா ஆசியோடு எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. நான் இங்கே நலம். நான்கு நாளாக வயிற்றில் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை, எழுத்து கோணிக்கொண்டு போனால் அதனால்தான், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதே.

முந்தின கடிதத்தில் அவசரமாக இரண்டே வரி எழுதினேன், உன் சித்தப்பா வாசலில் பட்டினி உட்காரப் போகிறேன் என்று. இப்போது அங்கேயே உட்கார்ந்துகொண்டு விவரமாக எழுதுகிறேன். உன் அப்பா கண்ணை மூடிய கையோடு கோட்டையில் ஏறி உட்கார்ந்து, ஓட்ரனின் கால் எல்லைக்குள் பட்டால் யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்று ஆணை போட்டவன் அந்தச் சித்தப்பா கோனல்தானே. அந்த ஆணை நிற்கும்வரை நீ எத்தனை வித்தை படித்து வந்தும் என்ன பயன், வந்த அன்றே உன்னை வெட்டிப் போடுவார்கள். உனக்கு வழி திறக்க என்னிடம் படை இல்லை, மாடு இல்லை, பசி மட்டும் இருக்கிறது. வித்தை படிக்கக் குன்றுக்குள் போனதில் நீ மறந்திருந்தால் சொல்கிறேன், நம் சட்டப்படி ஒருத்தி நியாயம் கேட்டு வாசலில் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இருப்பவன் ஒரு வாய் தின்றாலும் அவன் மானம் போயிற்று, அதற்குப் பிறகு அவன் சொல்லுக்கு நாய்கூட வாலாட்டாது. முதல் நாள் அவன் வெளியே வந்து, "அண்ணி, எழுந்து போங்க, ஊரே பார்க்குது" என்றான். "பார்க்கட்டும்னுதான்பா உட்கார்ந்திருக்கேன்" என்றேன். இரண்டாம் நாள் உன் சித்தி என்னை எழுப்ப ஒரு தந்திரம் செய்தாள், காற்று என் பக்கம் வீசுகிறதென்று முற்றத்தில் பன்றி இறைச்சியை வாட்டினாள். மதியம் காற்று வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே இருந்து கோனல் போட்ட சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டதாம். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை, இருந்தாலும் சிரித்தேன்.

நான் இல்லாதபோது ரோனட்தான் நம் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். நாடு போன நம்மைத் தன் பால்கொட்டிலில் சேர்த்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அவள் வாய் உனக்குத் தெரியும். தினமும் வந்து என் எதிரே நின்று, "ராணியம்மாவா இருந்தப்பவும் சொல்பேச்சு கேக்கல, இப்போ வெண்ணெய் கடையுறப்பவும் கேக்கறதில்ல" என்று திட்டிவிட்டு, நீ கேட்பாயே என்று மாடு கன்றுகளின் சேதியும் சொல்லிவிட்டுப் போகிறாள். நெற்றிச் சுட்டிப் பசு இரண்டாம் ஈற்றில் கிடாரி போட்டிருக்கிறது. நம் நாய் இன்னும் நொண்டுகிறதா என்று நீ கேட்டிருந்தாய். கண்ணு, அங்கே ஒரு நாள் என்றால் இங்கே ஒரு வாரம் என்பது உனக்கு இன்னும் பழகவில்லை. நீ போய் உனக்கு ஐந்து மாதம், எனக்கு மூன்று வருடம். நாய் போன வருடமே போய்விட்டது, உன் பழைய கம்பளியைச் சுற்றித்தான் புதைத்தோம். வாரம் ஒரு ஓட்ஸ் ரொட்டியும் ஒரு கட்டி வெண்ணெயும் குன்றடியில் நிற்கும் அந்த ஒற்றை முள்மரத்தின் பொந்தில் வைக்கிறேனே, அது உனக்கு விடிந்தால் ஒரு ரொட்டி. அதைத் தவிர அங்கே எதையும் வாயில் வைக்காதே என்று உன்னை விட்டுவிட்டு வந்த அன்று சொன்னதை இன்றும் சொல்கிறேன். மூன்று அரசர்கள் உன்னை வளர்க்க மறுத்துக் கதவைச் சாத்தியபோது அந்தக் குன்றுதான் திறந்தது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் குன்றுக்குள் வாழும் அந்த மாயக்கூட்டம், பேர் சொல்லப் பயந்து நாம் நல்லவர்கள் என்கிறோமே, அந்த நல்லவர்கள் வீட்டு உணவு ஒரு வாய் உள்ளே போனால், அவர்களாக மனம் வைத்து விட்டால் ஒழிய வெளியே வர முடியாது.

உன் படிப்பைப் பற்றி நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா. படிக்கப் படிக்கக் கேள்விதான் வருகிறது, பதிலை ஒவ்வொன்றாக எழுது. மூடுபனியைக் கூப்பிடக் கற்றுக்கொண்டாய் என்கிறாய், கூப்பிடுவதற்கு முன் அது எங்கே இருக்கிறது? வரும்போதே ஈரமாக வருகிறதா, வந்த பிறகு நனைகிறதா? காக்கையாக மாறி வேலியில் உட்கார்ந்தாயாமே, அப்போது உன் சட்டை எங்கே போகிறது, திரும்பும்போது அதே சட்டைதான் வருகிறதா? முழங்கால் தழும்பு காக்கைக் காலிலும் இருந்ததா? அந்த நல்லவர்களுக்குச் சளி பிடிக்குமா? விருந்து முடிந்தால் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள்? உனக்குப் பாடம் சொல்லும் அந்தப் பெருமாட்டிக்கு ஓர் அம்மா உண்டா, இருந்தால் அவள் சொன்னால் இவள் கேட்பாளா? சிறுபிள்ளையில் நான் அந்தக் குன்றின்மேல் காதை வைத்துப் படுத்திருக்கிறேன், உள்ளே யாரோ மாவு சலிப்பது போல ஒரு சத்தம், அது என்ன சத்தம் என்பதை மட்டுமாவது கேட்டுச் சொல். தெரியாததைத் தெரிந்துகொள்ளாமல் உறக்கம் வராது, இது என் பக்கத்து வியாதி, உனக்கும் வந்திருக்கிறது.

நேற்று நீ அனுப்பியது வந்து சேர்ந்தது. ரோனட் பொந்தில் பார்த்துவிட்டு, கையால் தொடப் பயந்து முந்தானையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். பெரிய இலையில் சுற்றிய ஆப்பிள், கூடவே மரப்பட்டையில் உன் எழுத்து. அம்மா பசியோடு இருக்க வேண்டாம், இது அவர்கள் சமைத்ததல்ல, வாசலுக்கு வெளியே தானாக விழுந்தது, ஆகவே இது உணவாகாது, இதைத் தின்றால் பசியே தெரியாது, தின்றுவிடு என்று எழுதியிருந்தாய். படித்ததும் அழுகை வந்துவிட்டது. சட்டத்தில் ஓட்டை தேடுவதில் நீ உன் அப்பாவையே மிஞ்சிவிட்டாய். ஆனால் மடையா, நான் ஒரு கடி கடித்தால் நான்கு நாள் பட்டினியும் வீண், கோனல் வெளியே வந்து கைகொட்டிச் சிரிப்பான், நானும் உன்னோடு குன்றுக்குள் வந்து சேர்வேன், அதற்குப் பிறகு உனக்கு ரொட்டி யார் வைப்பது? அதன் மணத்தை எப்படிச் சொல்வது, மழை நின்றதும் வருமே அந்த மணமும் தேனும் சேர்ந்தாற்போல இருந்தது. இலையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் கை சும்மா இருக்காது என்று ரோனட்டிடம் கொடுத்து முடிந்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

இதுவரை எழுதிக் கீழே வைத்தது நேற்று. இன்று ஐந்தாம் நாள், நல்ல செய்தி சொல்லப் போகிறேன், ராசா. விடிந்ததும் கோனல் ஒரு கிண்ணம் மோரை வாயருகே கொண்டு போனானாம், உன் சித்தி தட்டிவிட்டாளாம். "இதைக் குடிச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட ராஜாவா உட்காருவே? போய் அவங்க கேட்டதைக் குடு, எல்லாரும் சாப்பிடலாம்" என்று கத்தியதை வேலைக்காரப் பெண்கள் வந்து என்னிடம் நடித்தே காட்டினார்கள். வெயில் ஏறுவதற்குள் அவன் வெளியே வந்தான். கன்னம் ஒட்டிப்போய் உன் அப்பா கடைசியில் இருந்த மாதிரியே இருந்தான். நியாயம் சொல்லும் செனான் சாட்சியாக நிற்க, அரசனுக்கு அடையாளமான கழுத்து வளையத்தைக் கழற்றி என் மடியில் வைத்து, "ஓட்ரன் வரட்டும். குளிர்காலக் கூட்டத்துல என் பக்கத்துல நிக்கட்டும். ஜனங்க யாரைச் சொல்றாங்களோ அவன்தான் ராஜா. அதுவரைக்கும் அவன்மேல ஒரு கை படாது" என்றான். செனான் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார், மூன்று தடவையும் சொன்னான். கூட்டத்துக்கு எட்டு வாரம் இருக்கிறது, உனக்கு எட்டே நாள். ரோனட் என் வாயில் பாலை ஊற்றினாள். அந்தப் பாலின் ருசியை இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் ரோனட் முந்தானை முடிச்சை அவிழ்த்து, "இனி இது எதுக்கு, பன்னிக்குப் போட்டாலும் அது பறந்துரும், திருப்பி அனுப்பிடலாமா" என்று இலையைப் பிரித்தாள். பழத்தின் மறுபக்கத்தில் ஒரு சின்னக் கடி. கடியின் நடுவே ஒரு மேடு. நீ ஆறு வயதில், குதிரை வாயில் இருக்கும் இரும்பு எப்படி ருசிக்கிறது என்று பார்க்கக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டாயே, அந்தப் பல்லின் இடைவெளி. வேறு யார் கடித்திருந்தாலும் எனக்குத் தெரியாது, இது தெரியும். அம்மாவுக்கு அனுப்புவது கெடுதல் இல்லாமல் இருக்க வேண்டுமே என்று கடித்துப் பார்த்தாயா, இல்லை எப்படித்தான் இருக்கும் என்று ஆசையில் கடித்தாயா, என் பிள்ளை இரண்டையும் செய்வான். இந்தப் பக்கத்துக் கதவை ஐந்து நாள் தட்டித் திறந்தேன், அந்தப் பக்கத்துக் கதவை நீ ஒரே கடியில் சாத்திக்கொண்டாய். வாசல் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன் ஓட்ரா. கோனல் என்னவென்று கேட்டான், பழத்தைக் காட்டினேன். அவன் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அழுது முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. செனானைக் கூப்பிட்டு, இந்தப் பட்டினிச் சட்டம் மனிதர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டே சட்டத்தை வரி வரியாக முணுமுணுத்துப் பார்த்தார். "மனுஷன்னு எங்கேயும் சொல்லல. வாசல் உள்ளவன் எவனா இருந்தாலும்னுதான் சொல்லியிருக்கு. அவங்களுக்கு வாசல் உண்டா?" என்றார். "என் பிள்ளை அது வழியாத்தானே உள்ளே போனான்" என்றேன். கோனலுக்கு அந்த வருத்தத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு நாள் தாங்கினது நான். இனி அவங்க பாடு, பாவம்" என்றான். ரோனட்தான் சண்டைக்கு வந்தாள். "அவங்களுக்கு ஒரு வேளை பசிக்கறதுக்குள்ள நீங்க ரெண்டு நாள் காயணும். அவங்க ஒரு வாரம் பிடிவாதம் பிடிச்சா இங்கே ஏழு வாரம், எலும்பைத்தான் அள்ளிக்கிட்டு வரணும்" என்றாள். அவள் சொல்வது சரிதான், எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் விருந்துக்குப் பிறந்தவர்கள், நீயே எழுதியிருக்கிறாய் பொழுதுக்கும் பந்திதான் என்று. தின்றால் மானம் போகும், தின்னாமல் எத்தனை நேரம் இருப்பார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.

சட்டப்படி உட்காரும் முன் ஒரு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அவர்களுடைய ஒரு நாளே இருக்கட்டும், அந்த ஒரு வாரத்தில் நான் நன்றாகச் சாப்பிட்டுத் தேறிக்கொள்வேன், ரோனட் இப்போதே கோழி அடிக்கப் போய்விட்டாள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், இதற்கடுத்த வரியை அந்தப் பெருமாட்டி முன்னால் நின்று, பல்லைக் காட்டாமல், உரக்கப் படி. இறந்த அரசரின் மனைவி கோர்ம்லா, உங்களிடம் வளர்க்கக் கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்டு, உங்கள் நாளில் ஒரு நாள் கழிந்ததும் உங்கள் குன்று வாசலில் பசியோடு உட்காருவாள், அவன் வெளியே வரும்வரை எழமாட்டாள், அதற்குள் உள்ளே யார் ஒரு வாய் தின்றாலும் அது உங்கள் மானம்.

பெருமாட்டியிடம் மரியாதையாக நட, பாடம் சொன்னவள், கோபமாகப் பேசிவிடாதே. கடித்ததற்காக மருகிக்கொண்டும் இருக்காதே, அம்மா அப்போதே மன்னித்துவிட்டேன். நான் அங்கே உட்காரும் நாளிலிருந்து நீயும் எதையும் தொடாதே, கோபத்தில் ஒரு ஆப்பிளைக்கூட உதைக்காதே. காற்றும் மழையும் உனக்கு நல்லதையே செய்யட்டும், உன் அப்பாவின் நாற்காலியில் நீ நிமிர்ந்து உட்காரும் நாளை என் கண் பார்க்கட்டும், அது நடக்காவிட்டாலும் என் அடுப்பருகே நீ உட்காரும் நாளைப் பார்த்தால் போதும். பழத்தை இதோடு திருப்பி வைக்கவில்லை. அவள் மறுத்தால், உன் கடிக்குப் பக்கத்திலேயே நானும் ஒரு கடி கடித்துவிட்டு உள்ளே வருவதாக இருக்கிறேன், அதையும் அவளிடம் சொல். வெளியிலிருந்து ஒருத்தி கேட்கும் கேள்விகளையே தாங்காதவர்கள், உள்ளே வந்து கேட்டால் என்ன ஆவார்கள் என்று யோசிக்கட்டும்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் நேரில் பதில் சொன்னால் போதும். இதை மட்டும் உடனே எழுது, அந்தப் பழம் எப்படி இருந்தது?

உன்னைப் பெற்றவள்,
கோர்ம்லா