சமத்து

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி தேவலையா?

சின்னவளைச் சனிக்கிழமைதோறும் ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப்போகிறேன். பெரியவர்களால் தொடக் கூடாத விதத்தில் தொடப்பட்ட ஏழு பிள்ளைகள் அங்கே வட்டமாக உட்கார்ந்து வரைவார்கள், பேசுவார்கள். அம்மாக்கள் வெளியே பெஞ்சில் இருப்போம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. செருப்பைத்தான் பார்ப்போம்.

போன வாரம், தங்களைப் பார்த்து இனிமேல் யாரும் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையை எழுதிக் கிழித்துப்போடச் சொன்னார்களாம். இவள் எழுதியது 'சமத்து'. பஸ்ஸில் வரும்போது அவளாகவே சொன்னாள்.

"அவர் உன்னை அப்படிக் கூப்பிட்டாராடி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, நீதான். பெரியம்மா வர்ற வரைக்கும் பெரியப்பா சொல்றதக் கேட்டு சமத்தா இருன்னு சொல்லிட்டுப் போன. நான் இருந்தேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் நிறுத்தம் போனதுகூடத் தெரியவில்லை. "அம்மா, தாண்டிட்டோம்" என்று அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

உன் வீட்டுக்காரர் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறாய். 'சின்ன வயசுலேருந்தே நீ சமத்து, சொன்னா புரிஞ்சுப்ப' என்று எழுதியிருக்கிறாய். உன் பாடு எனக்குப் புரியாமல் இல்லை.

வாங்க மாட்டேன், அக்கா. உன் கடிதத்தில் அந்த வார்த்தை இருந்த இடத்தை மட்டும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நீயே வைத்துக்கொள்.

உன் கூடப்பிறந்தவள்