புயல் தீவுக்குத்தான் போகிறது

அக்டோபர் 6, திங்கள்

கால் இரண்டும் வீங்கிவிட்டன. லிஸ்பன் முழுக்க மேடும் பள்ளமும்தான். நடுக்கடலில் கிடக்கும் எங்கள் சாவ் ஜார்ஜ் தீவிலும் மேடு உண்டு, ஆனால் அங்கே யாரும் அதைப் பார்க்க டிக்கெட் வாங்குவதில்லை. மஞ்சள் டிராமில் அபீலியோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தான். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து முதல் ஊர்சுற்றல். ஆற்றுக்கு அக்கரையில் அவன் அக்கா ஒலிந்தா வீட்டில் தங்கல்.

சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்கு என் தம்பி அமாரோவைக் கூப்பிட்டேன். மாடுகளை அவனிடம் விட்டுவந்திருக்கிறோம். அவன் தச்சன். மாடு பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எங்களைப் பார்த்துத் தெரிந்ததுதான்.

"அக்கா, மாடுங்க நல்லா இருக்கு. நீ ஊரைப் பாரு. சும்மா சும்மா போன் பண்ணா அதுங்களுக்குத்தான் கூச்சமா இருக்கும்."

அக்டோபர் 7

அபீலியோ எட்டு மணி வரை தூங்கினான். எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தான். அவன் அத்தனை நேரம் தூங்கி நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில்கூட விடியுமுன் தொழுவத்தில் நிற்பவன்.

பெலேங் மடாலயத்தில் ஒரு கல் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "இதைச் செதுக்கினவன் காலையில மாடு கறந்துட்டா வந்திருப்பான்?" என்றான். நானும் சிரித்தேன்.

பிறகு முட்டைப் பால் தின்பண்டம் தின்ன ஒரு கடையில் உட்கார்ந்தோம். சுவரில் தொலைக்காட்சி. புயல் ஒன்று வடக்கே திரும்பியிருக்கிறதாம். படத்தில் எங்கள் தீவுகள் ஒன்பதும் மிளகைச் சிதறவிட்டதுபோல. என் முகத்தைப் பார்த்துப் பரிமாறுகிறவன் ஆறுதல் சொன்னான்:

"பயப்படாதீங்கம்மா, அது தீவுக்குத்தான் போகுது. இங்க வராது."

அக்டோபர் 8

காலையிலிருந்து போன். மதியம்தான் அமாரோ கிடைத்தான். பின்னால் காற்று ஊளையிடுவது கேட்டது. மாடுகளை எல்லாம் தொழுவத்தில் அடைத்து வைத்திருக்கிறானாம், பத்திரமாக.

ஐயோ. அந்தத் தகரக் கூரை போன மழைக்கே ஆடியது.

"அடைக்காதடா! அவிழ்த்து விடு. கல்சுவருக்குக் கீழ பள்ளத்துக்கு ஓட்டிடு, அதுங்களே படுத்துக்கும். கேக்குதா? அமாரோ?"

"என்னக்கா? கூரைக்கு என்ன—"

அத்தோடு அறுந்தது. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா? எதுவரை விழுந்தது? "அடைக்காத" என்பது போய் "அடை" மட்டும் விழுந்திருந்தால்?

அக்டோபர் 9

போன் போகவில்லை. விமானங்கள் எல்லாம் ரத்து.

அக்டோபர் 9, மறுபடி

வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அபீலியோ கோட்டைக்குக் கூட்டிப் போனான். எங்கள் தீவின் பேரேதான் அந்தக் கோட்டைக்கும். மதில்மேல் நின்று மேற்கே பார்த்தேன். ஆறு, பாலம், அப்புறம் வெளிச்சம். அவ்வளவுதான். அந்த வெளிச்சத்துக்கு அப்பால் எங்கேயோ என் தொழுவம் பறந்துகொண்டிருக்கிறது, இங்கே இலைகூட அசையவில்லை.

ஒரு இளஞ்ஜோடி தங்கள் போனை என் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். இன்னொன்று என்றார்கள். அதையும் எடுத்தேன். வேறென்ன செய்ய.

இரவுச் சாப்பாட்டில் ஒலிந்தா: "என்ன இல்டா, மாடுங்களுக்காக மீனைக்கூட விட்டுட்டியா? தீவுக்காரங்க நீங்க மனுஷனுக்கு இப்படி அழுது நான் பார்த்ததில்ல."

அங்கே என் தம்பியும் இருக்கிறான். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

அக்டோபர் 10

விமான நிலையத்தில் நாள் முழுக்க வரிசை. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கும் கண் சிவந்திருந்தது. "அம்மா, அங்க ஓடுபாதையே தண்ணிக்குள்ள இருக்கு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?" பாவம், அவளை நான் என்ன சொல்ல.

திரும்பும் படகில் அபீலியோ தண்ணீரைப் பார்த்தபடியே பேசினான்.

"ஒருவேளை மாடெல்லாம் போயிருந்தா..."

"வாயைக் கழுவு."

"இல்ல இல்டா, சொல்றேன் கேளு. போயிருந்தா, அது நம்ம தப்பில்ல. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அப்படியே விட்டுடலாம். ஒலிந்தாவுக்குத் தெரிஞ்ச பட்டறையில ஆள் கேக்கறாங்க. ஞாயித்துக்கிழமை லீவு. நெஜமான ஞாயித்துக்கிழமை."

எவ்வளவு நாளாக இதை மனசில் வைத்திருக்கிறான்? நான் ஒவ்வொரு மாட்டுக்காகவும் பேர் சொல்லி ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்தில் படுத்திருப்பவன் எதற்காக ஜெபம் செய்கிறான்? கேக்க பயமா இருக்கு. கேட்டா சொல்லிடுவான்.

அக்டோபர் 11, சனி

அமாரோ உயிரோடு இருக்கிறான்!

பாதிரியாரின் போனிலிருந்து கூப்பிட்டான். நான் சொன்னது ஒரு வார்த்தைகூட அவனுக்குக் கேட்கவில்லையாம். கூரையின் முதல் தகரம் கிளம்பியதும் அவனாகவே கதவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளியிருக்கிறான். மிரண்ட மாடு ஒன்று சுவரோடு வைத்து நசுக்கியதில் விலா எலும்பு ரெண்டு போயிற்று. எல்லாவற்றையும் வெளியேற்ற முடியவில்லை.

"மூணு போச்சுக்கா. என்னால முடிஞ்சது அவ்ளோதான். திட்டாத."

திட்டுவதா? போனை வைத்துவிட்டு அபீலியோவிடம் சொன்னேன். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"மூணுதானா?" என்றான்.

அது என்ன மாதிரிக் கேள்வி என்று இப்போதுவரை புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 13

காலை விமானம். படகுத்துறைக்கு நடக்கும்போதுதான் கவனித்தேன், அவன் கையில் என் பெட்டி மட்டும் இருந்தது.

"ஒரு மாசம் பாத்துட்டு வரேன். கூரைக்குப் பணமும் வேணுமில்ல."

"சரி."

இன்னும் ஏதாவது சொல்லியிருக்கணும். என்ன சொல்ல? வா என்றால் வந்திருப்பான், வந்து விடியுமுன் எழுந்திருப்பான், என்னைப் பார்க்காமலே கறந்திருப்பான். மாட்டைத் தள்ளி வெளியேற்றலாம். உள்ளே வர மாட்டேன் என்கிற மனுஷனை என்ன செய்வது?

விமானம் எழும்பியபோது ஊர் ரொம்ப அழகாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

மொரேனா நேற்று கன்று போட்டாள். அமாரோவால் இன்னும் குனிய முடியாது, நின்றபடியே எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். புதுக் கூரை பாதிதான் ஆகியிருக்கிறது.

மத்தியானம் அபீலியோ கூப்பிட்டான். லீவு நாளாம், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறானாம். கன்று விஷயம் சொன்னேன்.

"கிடாரியா?"

"ஆமா."

இத்தனை வருஷமும் இந்தத் தொழுவத்தில் பிறந்த எல்லாக் கன்றுக்கும் பேர் வைத்தது அவன்தான். நான் வாய் திறக்கக்கூட விடமாட்டான்.

"பேர் வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

என்ன பேர் என்று அவன் கேட்கவில்லை.