மூன்றாம் வரிசையில் அழுதவன்

அன்புள்ள எவ்லாலியா,

நலம். உன் முட்டிவலி குறைந்ததா? இந்த ஆப்பிள் தோட்டத்தில் என்னைப்போல் ஏணி ஏற ஆளே இல்லை.

நம் ஊர் புவேப்லா அரங்கில் நடந்த பழைய மல்யுத்தப் போட்டியின் வீடியோவை நேற்று கூட வேலை செய்யும் பையன் நிகாசியோ போனில் போட்டான். முகமூடி வீரன் வெள்ளிப் பருந்து நான்தான் என்று இங்கே எல்லோரிடமும் அளந்திருந்தேன். பருந்து தோற்று விழுந்ததும் காமிரா கூட்டத்தைக் காட்டியது. மூன்றாம் வரிசையில் நான், தேம்பிக்கொண்டு.

“மாமா, ஒரே நேரத்துல ரெண்டு இடத்துலயா?”

“அது என் தம்பி” என்றேன்.

“அப்ப கண்ணைத் துடைச்சுவிடுறது தம்பி பொண்டாட்டியா?”

பச்சைச் சட்டையில் நீ. அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

“என் பொண்டாட்டிடா” என்றேன். சிரித்தார்கள். இன்றும் தலை நிமிரவில்லை.

அந்தச் சட்டை இருந்தால் போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பு. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் ஃபிதென்சியோ